கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம்... ரத்தம் சொல்லும் ரகசியம்!

‘ஏங்க...’ என்று ஆரம்பித்தாலே இப்போது பலருக்கும் நினைவுக்கு வருவது கூமாப்பட்டிதான். 2025-ல் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வழியே தமிழ்நாடு முழுக்கப் பரவிய பெயர். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம், பிளவக்கல் அணை, வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு... செல்போனில் பார்க்கும்போதே மனசு குளிர்ந்துபோகிறது. ஆனால், அந்த வயலில் தினமும் இறங்கி வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு விஷயமும் தெரியும். நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும்.

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். பொழுது சாயும் நேரம். மடை திருப்பப் போனவர் வரப்பில் கால் வைக்கிறார். சுருக்கென்று ஒரு வலி. டார்ச் அடித்துப் பார்ப்பதற்குள் பாம்பு புல்லுக்குள் போய்விட்டது. பைக்கில் நடுவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள். டாக்டர் காலைப் பார்க்கிறார், நாடித்துடிப்பைப் பார்க்கிறார். கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விடுகிறார். அதை அப்படியே ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

“என்னங்கய்யா, வந்து இம்புட்டு நேரமாச்சு... ஊசி போடாம குழாயையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?” என்று உறவினர்கள் கொதிக்கிறார்கள்.

கோபம் நியாயமானதுதான். ஆனால், அந்தக் குழாய் சும்மா நிற்கவில்லை. கடித்த பாம்பு விஷத்தை இறக்கியிருக்கிறதா, ரத்தத்தின் உறையும் தன்மை போய்விட்டதா என்ற கேள்விக்கு அது விடை தேடிக்கொண்டிருக்கிறது. மின்சாரமோ, மெஷினோ, கெமிக்கலோ தேவைப்படாத இந்தச் சோதனையின் பெயர், ‘20 நிமிட ரத்த உறைதல் சோதனை’. அங்கிருந்து தொடங்கி மரபணுவைப் படிக்கும் லேப் வரை, ரத்தம் உறைவதைச் சோதிக்கும் அறிவியல் நீண்ட தூரம் வந்துவிட்டது. அதில் நம் வயல் பாம்புக்கும், நம் வீட்டுக் காதுகுத்துக்கும், நம் ஊர் சொந்தத் திருமணங்களுக்கும்கூட இடம் இருக்கிறது.

அந்த 20 நிமிடத்தில் என்ன நடக்கிறது?

கத்தி பட்டு விரலில் ரத்தம் வந்தால், சிறிது நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது. இதற்கு இரண்டு கட்ட வேலை நடக்கிறது. முதலில் தட்டணுக்கள் ஓடிவந்து ஓட்டையை அடைக்கின்றன. கரையில் உடைப்பு விழுந்தால் முதலில் மணல் மூட்டையை அடுக்குகிறோமே, அதுமாதிரி. அடுத்து, ரத்தத்தில் இருக்கும் ‘ஃபேக்டர்’ எனப்படும் புரதங்கள் ஒன்றை ஒன்று தட்டி எழுப்புகின்றன. கடைசியில் ‘ஃபைப்ரினோஜன்’ என்ற புரதம் நூல் நூலாக மாறி, மூட்டைகளைச் சுற்றி வலை பின்னி இறுக்கிவிடுகிறது. அந்த வலைதான் ரத்தக் கட்டி.

கண்ணாடி விரியனின் விஷம், இந்தச் சங்கிலியில் பத்தாவது ஃபேக்டரையும் ஐந்தாவது ஃபேக்டரையும் நேரடியாகத் தூண்டிவிடுகிறது. ரத்தக் குழாய்களுக்குள் தேவையே இல்லாமல் உறைதல் வேலை ஓடுகிறது. கையிருப்பில் இருந்த ஃபைப்ரினோஜன் முழுக்கச் செலவாகிவிடுகிறது. அதன்பிறகு ரத்தம் தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது. ஈறில், சிறுநீரில், ஊசி போட்ட இடத்தில், சில நேரம் மூளைக்குள்ளேயேகூட ரத்தம் கசிகிறது. சுருட்டை விரியன் கடித்தாலும் ரத்தம் உறையாமல் போகும். நல்ல பாம்பு, கட்டு விரியன் இரண்டின் விஷமும் முக்கியமாகத் தாக்குவது நரம்புகளை. அதனால் அவை கடித்தால் குழாயில் ரத்தம் உறைந்துவிடக்கூடும். கண் இமை சொருகுவதையும் மூச்சுத் திணறலையும்தான் டாக்டர் கவனிப்பார்.

சோதனை செய்யும் முறை எளிது. நரம்பிலிருந்து எடுத்த சுமார் 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் விட வேண்டும். 20 நிமிடம் அசைக்கவே கூடாது. பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் உறைந்திருக்கிறது. வழிந்து ஓடினால் உறையவில்லை. விஷமுறிவு மருந்து உடனே தேவை.

எளிது என்பதாலேயே இதில் தப்பும் நடக்கும். குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தொடங்கிவைக்கிறது. பிளாஸ்டிக் அதைச் சரியாகச் செய்யாது. சோப்புத் தூள் போட்டுக் கழுவிய பழைய குழாயும் ஏமாற்றிவிடும். ‘உறைஞ்சிருச்சா?’ என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டிப் பார்த்தாலும் முடிவு கெட்டுவிடும். இலங்கையில் நடந்த ஆய்வுகள், நேரத்தையும் குழாயையும் சரியாகக் கவனிக்காமல் செய்தால் இந்தச் சோதனை பல நோயாளிகளைத் தவறவிடும் என்று காட்டியிருக்கின்றன. லேசான பாதிப்பு இதில் தெரியாமல்போகவும் வாய்ப்பு உண்டு. அதனால்தான், முதல் சோதனையில் உறைந்துவிட்டாலும் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதில்லை. திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள்.

எல்லோருக்கும் 20 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. வீக்கம் வேகமாக மேலேறினாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, கண் இமை சொருகினாலோ குழாயின் தீர்ப்புக்குக் காத்திராமல் மருந்தை ஏற்றத் தொடங்கிவிடுவார்கள்.

மருந்து ஏற்றிய பிறகும் குழாய்க்கு வேலை இருக்கிறது. விஷத்தை மருந்து முறித்துவிட்டாலும், செலவான ஃபைப்ரினோஜனைக் கல்லீரல் மறுபடி தயாரிக்கச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் 6 மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்கிறார்கள். அப்போதும் உறையவில்லை என்றால், விஷம் இன்னும் உள்ளே வேலை செய்கிறது என்று அர்த்தம்.

‘விஷமுறிவு மருந்தை முதலிலேயே போட்டுவிட்டால் என்ன?’ என்று கேட்கலாம். குதிரையின் ரத்தத்திலிருந்து தயாராகும் மருந்து அது. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். கடித்த பாம்பு விஷமில்லாததாகவும் இருக்கலாம். விஷப் பாம்பே கடித்தும் விஷத்தை இறக்காமல் விட்டிருக்கலாம். தேவையில்லாதவருக்குப் போட்டால் ஆபத்து. தேவையானவருக்குத் தாமதித்தாலும் ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் நீதிபதிதான் அந்தக் கண்ணாடிக் குழாய்.

கொல்லும் விஷமே லேப் மருந்தான கதை

கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் ரஸ்ஸல் என்பவரின் பெயர் இருக்கிறது. பேட்ரிக் ரஸ்ஸல், 18-ம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கீழ் தென்னிந்தியாவில் வேலை பார்த்த ஸ்காட்லாந்து மருத்துவர். நம் பக்கத்துப் பாம்புகளைப் பற்றி 1796-ல் படங்களுடன் புத்தகம் வெளியிட்டவர்.

இதில் ஒரு விநோதம் உண்டு. உடம்புக்குள் போனால் ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் அதே விஷத்தை, நீர்க்கச் செய்து குழாயில் உள்ள ரத்தத்தில் விட்டால் சட்டென்று உறையவைக்கும். 1934-ல் இங்கிலாந்தில் மேக்ஃபார்லேன், பார்னெட் என்ற இருவர், ஹீமோபிலியா நோயாளிகளின் காயத்தில் இந்த விஷக் கரைசலை வைத்து ரத்தப்போக்கை நிறுத்திக் காட்டினார்கள். பிற்பாடு 1986-ல் பி.தியாகராஜனும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில், நீர்த்த விரியன் விஷத்தைக்கொண்டு ஒரு லேப் பரிசோதனையை உருவாக்கினார்கள். தேவையில்லாமல் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க அது உதவுகிறது. அடுத்தடுத்துக் கரு கலையும் சில பெண்களுக்கு இன்றும் டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் பரிசோதனைகளில் அதுவும் ஒன்று. வரப்பில் கடிக்கும் பாம்பின் விஷம்தான், ஒரு தாயின் வயிற்றில் குழந்தை ஏன் தங்கவில்லை என்பதையும் சொல்கிறது!

அந்த விஷத்தை எடுத்துக்கொடுப்பவர்களும் நம்மவர்கள்தான். சென்னை அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், விஷமுறிவு மருந்து தயாரிப்புக்கு விஷம் வழங்கிவருகிறது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது இந்தக் கைத்திறனுக்காகத்தான்.

‘பி.டி., சி.டி. நார்மல்’ என்றால் நிம்மதியா?

பாம்பை விட்டுவிட்டு வீட்டுக்குள் வருவோம். பல் பிடுங்கவோ சின்ன ஆபரேஷனுக்கோ போனால், ‘பி.டி., சி.டி. பார்த்துட்டு வாங்க’ என்பார்கள். விரலில் குத்தி, ரத்தம் எத்தனை நிமிடத்தில் நிற்கிறது, எத்தனை நிமிடத்தில் உறைகிறது என்று பார்க்கும் பழைய பரிசோதனை. ‘நார்மல்’ என்று சீட்டு வந்ததும் எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால், அந்த நிம்மதி முழுமையானது இல்லை. லேசான, நடுத்தரமான உறைதல் கோளாறுகள் இந்தச் சோதனையில் சிக்காமல் தப்பிவிடும். ஃபேக்டர் எட்டு நூற்றுக்குப் பத்து பங்கு மட்டுமே உள்ள ஒருவருக்கும் விரலில் குத்திய ரத்தம் சரியான நேரத்தில் உறைந்துவிடலாம். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அன்று இரவு, தலையணை முழுக்க ரத்தமாகும்போதுதான் விஷயம் தெரியும்.

அதனால், இன்று உறைதல் கோளாறைத் தேடும்போது முதலில் செய்யும் பரிசோதனைகள் வேறு. ஒன்று, 1935-ல் ஆர்மண்ட் குவிக் உருவாக்கிய ‘புரோத்ராம்பின் டைம்’. இன்னொன்று ‘ஏ.பி.டி.டி.’. இரண்டும் உறைதல் சங்கிலியின் இரண்டு வாசல்களைச் சோதிக்கின்றன. முதலாவது மட்டும் நீண்டால் ஏழாவது ஃபேக்டர் பக்கம் சந்தேகம். இரண்டாவது மட்டும் நீண்டால் எட்டு, ஒன்பது, பதினொன்று பக்கம் சந்தேகம். இரண்டுமே நீண்டால் கல்லீரல் கோளாறு, வைட்டமின்-கே குறைவு, பாம்புக் கடி என்று வேறு திசையில் யோசிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் லேப் டெக்னீஷியன், வெந்நீர்த் தொட்டியில் குழாயை வைத்துச் சாய்த்துச் சாய்த்து, கையில் ஸ்டாப்வாட்ச்சுடன் நூல் இழை தெரிகிறதா என்று கண்ணால் பார்ப்பார். இன்று அந்த வேலையை மெஷின் செய்கிறது. சில மெஷின்கள், ரத்த நீர் கலங்கும்போது ஒளி தடைப்படுவதை அளக்கும். சில மெஷின்களில் ஒரு சின்ன இரும்புக் குண்டு ஆடிக்கொண்டிருக்கும். ரத்தம் கட்டியானதும் குண்டு நின்றுவிடும்.

அடுத்த கட்டம், ‘கலந்து பார்க்கும்’ சோதனை. நோயாளியின் ரத்த நீரையும் நலமாக இருப்பவரின் ரத்த நீரையும் பாதிக்குப் பாதி கலக்கிறார்கள். உறைதல் நேரம் சரியாகிவிட்டால், நோயாளியிடம் ஏதோ ஒரு ஃபேக்டர் குறைவு. மற்றவரிடமிருந்து அது வந்து சேர்ந்துவிட்டது. கலந்தும் சரியாகவில்லை என்றால், நோயாளியின் ரத்தத்தில் ஃபேக்டரை எதிர்க்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இத்தனை பெரிய கேள்விக்கு, இரண்டு பேரின் ரத்த நீரைக் கலப்பதில் பதில் கிடைத்துவிடுகிறது!

அதன்பிறகு எந்த ஃபேக்டர், எத்தனை சதவிகிதம் என்று தனித்தனியே அளக்கிறார்கள். ஃபேக்டர் எட்டு 1 சதவிகிதத்துக்கும் கீழே என்றால் கடுமையான ஹீமோபிலியா. 1 முதல் 5 வரை நடுத்தரம். 5-க்கு மேல் 40 வரை லேசானது.

காதுகுத்தில் தெரிந்த நோய்

குலதெய்வக் கோயில். மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துகிறார்கள். எல்லாக் குழந்தையும் அழும்; சிறிது நேரத்தில் ரத்தம் நின்றுவிடும். ஒரு குழந்தைக்கு மட்டும் மறுநாளும் கசிந்துகொண்டே இருக்கிறது. பெரியவர்கள் ‘கண்ணு பட்டிருச்சு’ என்கிறார்கள். தவழ ஆரம்பித்ததும் முட்டியில் நீலத் திட்டுகள். நடக்க ஆரம்பித்ததும் மூட்டு பந்து மாதிரி வீங்குகிறது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவுகிறார்கள். வீக்கம் இன்னும் அதிகமாகிறது.

ஹீமோபிலியா பெரும்பாலும் இப்படித்தான் வெளியே தெரிகிறது. சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு ‘ஹீமோபிலியா ஏ’ இருக்கும். தாயிடமிருந்து எக்ஸ் குரோமோசோம் வழியே மகனுக்கு வருகிறது. ஆனால், மூன்றில் ஒரு பங்கு பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவே வருகிறது. அதனால், ‘எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே’ என்று சொல்லி விட்டுவிட முடியாது. தாயைக் குறை சொல்வதற்கும் இதில் ஒன்றும் இல்லை.

மூட்டுக்குள் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தால், சில ஆண்டுகளில் மூட்டு தேய்ந்து மடக்க முடியாமல் போய்விடும். பத்து வயதில் ஓடியாட வேண்டிய பையன் தடி ஊன்றி நடப்பான். சரியான நேரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நடந்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய ஊனம் அது. தமிழக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் மருந்து இலவசமாகவே தரப்படுகிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஹீமோபிலியாவைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால், இதெல்லாம் கிடைக்க முதல் படி, நோய்க்குப் பெயர் தெரிவது.

பெண் பிள்ளைகள் சொல்லாமல் மறைக்கும் ரத்தம்

உறைதல் கோளாறு என்றாலே ஆண்களுக்கு வருவது என்று ஓர் எண்ணம் இருக்கிறது. அது தப்பு. பரம்பரையாக வரும் ரத்தப்போக்கு நோய்களில் உலகில் மிகப் பரவலானது ‘வான் வில்லிபிராண்ட்’ நோய். அது ஆண், பெண் இருவருக்கும் வரும்.

பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926-ல் இதை முதன்முதலாக விவரித்தார். ஆலண்ட் தீவைச் சேர்ந்த ஒரு சிறுமி அவரிடம் வந்தாள். அவள் குடும்பத்தில் பலருக்கும் ரத்தப்போக்கு. பிற்பாடு பருவமெய்திய அந்தச் சிறுமி, தன் நான்காவது மாதவிலக்கின்போது ரத்தப்போக்கு நிற்காமல் இறந்துபோனாள்.

நூறாண்டு ஆகிவிட்டது. இன்றும் நம் வீடுகளில், ‘எனக்கும் அப்படித்தான் போகும், உங்க பாட்டிக்கும் அப்படித்தான்’ என்று அம்மாக்கள் மகள்களைச் சமாதானப்படுத்துகிறார்கள். ‘அம்மாவுக்கும், பாட்டிக்கும்’ என்பதுதான் டாக்டர் கேட்க விரும்பும் தகவலே! ஏழு நாளுக்கு மேல் நீடிக்கும் மாதவிலக்கு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டிய நிலை, பெரிய பெரிய கட்டிகள், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறாத ஹீமோகுளோபின்... இவை இருந்தால் உறைதல் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். இந்த நோயில் ஏ.பி.டி.டி. சரியாகவே வரலாம். வான் வில்லிபிராண்ட் ஃபேக்டரின் அளவையும் அது வேலை செய்யும் விதத்தையும் தனியாகச் சோதித்தால்தான் தெரியும்.

வயலுக்குப் போடும் யூரியா, லேபிலும்!

தொப்புள்கொடி விழுந்த இடத்தில் பச்சைக் குழந்தைக்கு ரத்தம் கசிகிறது. பரிசோதித்தால் புரோத்ராம்பின் டைம் சரி, ஏ.பி.டி.டி. சரி, தட்டணுக்கள் சரி. எல்லாம் சரியாக இருந்தும் ரத்தம் மட்டும் நிற்கவில்லை. இது பதின்மூன்றாவது ஃபேக்டர் குறைபாடாக இருக்கலாம்.

வலை பின்னிய பிறகு முடிச்சுப் போடுவதுதான் பதின்மூன்றாவது ஃபேக்டரின் வேலை. முடிச்சு இல்லாத வலை சீக்கிரம் பிரிந்துவிடும். வழக்கமான பரிசோதனைகள் வலை பின்னப்பட்டதும் நின்றுவிடுவதால், முடிச்சு இல்லாததை அவை கவனிப்பதில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய தந்திரம் உண்டு. ரத்தக் கட்டியை யூரியா கரைசலில் போட்டு ஒரு நாள் வைக்க வேண்டும். நல்ல கட்டி அப்படியே இருக்கும். முடிச்சு இல்லாத கட்டி கரைந்துவிடும். வயலுக்குப் போடும் அதே யூரியாதான்; லேபில் சுத்தமான வடிவில் இருக்கும்.

ஹீமோபிலியாவோடு ஒப்பிட்டால் இந்தக் குறைபாடு உலக அளவில் மிக அரிது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல். ஆகவே, சொந்தத்தில் கட்டியவர்களின் குழந்தைக்குக் காரணம் தெரியாத ரத்தக் கசிவு என்றால், உறவு முறையை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தெரிந்துவிட்டால், மாதத்துக்கு ஒருமுறை சிகிச்சையே பெரும்பாலும் போதும். தெரியாமல் விட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம்.

மதுரைக்கு ஒரு எண், ராஜபாளையத்துக்கு ஒரு எண்ணா?

ரத்தம் உறையாதது ஒரு பிரச்னை என்றால், தேவையில்லாமல் உறைவது இன்னொரு பிரச்னை. இதயத்தில் உலோக வால்வு வைத்தவர்கள், காலில் ரத்தக் கட்டி வந்தவர்கள் பலர் வார்ஃபரின் போன்ற மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறார்கள். அளவு குறைந்தால் வால்வில் கட்டி சேரும். கூடினால் ரத்தம் கசியும்.

ஒரு காலத்தில் இதில் பெரிய குழப்பம் இருந்தது. ஒவ்வொரு லேபும் வேறு வேறு ரசாயனத்தைப் பயன்படுத்தும். ஒரே ரத்தத்துக்கு ஓர் ஊரில் 20 விநாடி வரும். அடுத்த ஊரில் 28 விநாடி வரும். எதை நம்பி மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது? 1983-ல் உலக சுகாதார நிறுவனம் ‘ஐ.என்.ஆர்.’ என்ற பொது அளவைக் கொண்டுவந்து இதைத் தீர்த்தது. எந்த ஊர் லேபாக இருந்தாலும் ஒரே அளவுகோலில் எண் கிடைக்க அதுதான் காரணம். பெரும்பாலானவர்களுக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். சில வால்வுகளுக்குச் சற்றுக் கூடுதல்.

இப்போது சர்க்கரை பார்ப்பதுபோல விரலில் குத்தியே ஐ.என்.ஆர். பார்க்கும் சின்னக் கருவிகளும் வந்துவிட்டன. ஆனால், அவை மாத்திரை சாப்பிடுபவர்களுக்காக உருவானவை. பாம்புக் கடிக்கு அவற்றை நம்ப முடியாது.

வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: முருங்கைக்கீரையை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. கீரையில் இருக்கும் வைட்டமின்-கே மருந்துக்கு எதிராக வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால், ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் கீரையே இல்லை என்பதுதான் எண்ணை ஆட்டிவைக்கிறது. வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் டாக்டர் அதற்கேற்ப மாத்திரையைச் சரிசெய்துகொள்வார்.

நீல மூடிக் குழாயின் கோடு

எவ்வளவு நவீன மெஷின் வந்தாலும், தப்பு பெரும்பாலும் நடப்பது ரத்தம் எடுக்கும் இடத்தில்தான். உறைதல் பரிசோதனைக்கு நீல மூடி போட்ட குழாய். அதில் சிட்ரேட் திரவம் இருக்கும். ஒரு பங்கு திரவத்துக்கு ஒன்பது பங்கு ரத்தம் என்பது கணக்கு. குழாயில் இருக்கும் கோடு வரை ரத்தம் நிரம்ப வேண்டும். பாதி ரத்தம்தான் கிடைத்தது என்று அப்படியே அனுப்பினால், திரவம் அதிகமாகி, நலமாக இருப்பவருக்கும் ‘ரத்தம் உறையவில்லை’ என்று ரிசல்ட் வரும்.

நேரமும் முக்கியம். ஏ.பி.டி.டி. பரிசோதனையை 4 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். சின்ன ஊரில் எடுத்த ரத்தம் வெயிலில் பஸ் ஏறி மதுரைக்குப் போய் மாலையில் லேபுக்குள் நுழைந்தால், எட்டாவது ஃபேக்டர் வழியிலேயே குறைந்துபோயிருக்கும். முடிந்தவரை நோயாளியே பரிசோதனை நடக்கும் இடத்துக்குப் போய் ரத்தம் கொடுப்பது நல்லது. சந்தேகமான ரிசல்ட் வந்தால் பதறாமல், மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தத் தூரத்தைக் குறைக்கும் முயற்சியும் நடக்கிறது. மும்பையில் இருக்கும் ஐ.சி.எம்.ஆரின் ரத்தவியல் ஆய்வு நிறுவனம், ஹீமோபிலியா ஏ, வான் வில்லிபிராண்ட் நோய் இரண்டையும் பெரிய மெஷின் இல்லாமல் கண்டுபிடிக்க உதவும் உடனடிப் பரிசோதனைப் பட்டையை உருவாக்கியிருக்கிறது. கர்ப்பப் பரிசோதனை அட்டை மாதிரியான தொழில்நுட்பம். சிறிய மருத்துவமனைகளுக்கு இப்படிப்பட்டவை வந்து சேரும்போது, காதுகுத்துக்கும் கண்டுபிடிப்புக்கும் நடுவில் வீணாகும் வருடங்கள் மிச்சமாகும்.

வேலூரில் நடந்த அதிசயம்

மருந்துகள் மாற மாற, பரிசோதனைகளும் மாற வேண்டியிருக்கிறது. ‘எமிசிசுமாப்’ என்ற புதிய மருந்து, எட்டாவது ஃபேக்டரின் வேலையைத் தான் எடுத்துச் செய்கிறது. தோலுக்கு அடியில் ஊசியாகப் போடலாம். ஆனால், இந்த மருந்து எடுப்பவருக்கு வழக்கமான ஏ.பி.டி.டி. பரிசோதனை செய்தால் எல்லாம் நார்மல் என்று ஏமாற்றிவிடும். மாட்டின் ஃபேக்டர்களைப் பயன்படுத்தி, நிற மாற்றத்தை அளக்கும் வேறு பரிசோதனை தேவை. அதனால், இந்த மருந்து எடுப்பவர்கள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

மரபணுப் பரிசோதனையும் இன்று சாத்தியம். குடும்பத்தில் ஹீமோபிலியா இருந்தால், அக்கா, தங்கை, சித்தி மகள் யாரெல்லாம் அந்தப் பழுதைச் சுமக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். கருவில் இருக்கும் குழந்தைக்கும் ஆரம்ப மாதங்களிலேயே பார்க்க முடியும்.

இதையெல்லாம் தாண்டி, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு செய்தது உலகின் கவனத்தை ஈர்த்தது. கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள 5 பேரின் ஸ்டெம் செல்களை எடுத்து, அதற்குள் எட்டாவது ஃபேக்டருக்கான மரபணுவைச் சேர்த்து, அவர்கள் உடம்புக்கே திரும்பச் செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் முடிவு வெளியானது. சிகிச்சைக்குப் பிறகு கண்காணித்த காலத்தில், ஐந்து பேருக்கும் ஹீமோபிலியாவால் வரும் ரத்தப்போக்கு ஒருமுறைகூட வரவில்லை. இது பரவலாகக் கிடைக்க இன்னும் காலம் ஆகலாம். ஆனால், பாதை திறந்துவிட்டது. அந்த ஐந்து பேரின் உடம்பில் ஃபேக்டர் எவ்வளவு ஊறுகிறது என்று தொடர்ந்து அளந்து சொன்னதும் லேப்தான்.

திரும்பவும் வரப்புக்கு...

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்ததாக ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலும் கிராமத்து மக்கள். மத்திய அரசு 2024 மார்ச்சில் இதற்கெனத் தேசியச் செயல்திட்டத்தை அறிவித்தது. 2030-க்குள் மரணங்களைப் பாதியாகக் குறைப்பது இலக்கு. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக் கடியை ‘அறிவிக்கப்பட வேண்டிய நோய்’ ஆக்கியது. இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் வர வேண்டும். எந்த ஊரில் எவ்வளவு மருந்து தேவை என்று திட்டமிட அதுதான் அடிப்படை.

நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியவை:

* கடித்த இடத்தைக் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கயிறு கட்டாதீர்கள். மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றிவிடுங்கள்.

* கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து, உடனே 108-ஐ அழையுங்கள். மந்திரம், பச்சிலை என்று ஒரு நிமிடத்தையும் செலவழிக்காதீர்கள்.

* பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டாம். கடித்த நேரத்தை மட்டும் செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

* இரவில் வயலுக்குப் போனால் டார்ச்சும், கணுக்கால் மூடும் செருப்போ பூட்ஸோ அவசியம்.

* அடிக்கடி மூக்கில் ரத்தம், அடிபடாமலே நீலத் திட்டு, மூட்டு வீக்கம், பல் பிடுங்கிய பின் நிற்காத ரத்தம் இருந்தால், ‘பி.டி., சி.டி. நார்மல்’ சீட்டோடு நிறுத்தாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முழுப் பரிசோதனை கேளுங்கள். விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

* உறைதல் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளைச் சாப்பிடக் கூடாது. தசையில் ஊசி போட்டுக்கொள்ளவும் கூடாது. நோயின் பெயர், ஃபேக்டர் அளவு, ரத்தப் பிரிவு எழுதிய சீட்டு எப்போதும் பர்ஸில் இருக்கட்டும்.

கூமாப்பட்டிக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கும் இது பொருந்தும். தோப்பிலும் ஓடைக்கரையிலும் போட்டோ எடுக்கும் ஆசையில், புதருக்குள் வெறுங்காலோடு இறங்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயை நிறுத்திவைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால், அடுத்தமுறை கோபப்படாதீர்கள். குழாயை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 20 நிமிடமும் உங்கள் வீட்டு உயிருக்காகத்தான் அது அங்கே அசையாமல் நிற்கிறது.